உள்ளிதழ் அறுவை சிகிச்சை: செய்துகொள்வதா, விட்டுவிடுவதா?

ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவதை எழுதியவருக்கு வயது 34. வேலைக்குப் போக, வர என்று தினமும் 28 கிலோமீட்டர் ஸ்கூட்டர் ஓட்டுகிறார். ஜீன்ஸ் அணிந்த நாட்களில் பிறப்புறுப்பின் உள்ளிதழ் மடங்கி உரசி, மாலைக்குள் எரிச்சல் எடுத்துவிடுகிறது. மாதவிலக்கு நாட்களில் நாப்கினின் விளிம்பு பட்டுத் தோல் உரிந்தே போகிறது. இரண்டாவது கடிதம் 26 வயதுப் பெண்ணுடையது. தை மாதத்தில் கல்யாணம். வலி இல்லை, உரசல் இல்லை. "கைப்பேசியில் பார்த்த படங்களில் இருப்பதுபோல் எனக்கு இல்லை. அவர் என்ன நினைத்துக்கொள்வாரோ என்று தூக்கம் வருவதில்லை" என்று எழுதியிருந்தார்.

இரண்டு கடிதங்களும் ஒரே வரியில் முடிந்தன: லேபியாபிளாஸ்டி செய்துகொள்ளலாமா?

கேள்வி ஒன்றுதான், நோவு வேறு. முதலாமவருக்குத் துணி உரசுகிறது, இரண்டாமவருக்குப் பார்வை உரசுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுப்பவர்கள்தான் பெரும்பாலும் பின்னால் வருந்துகிறார்கள் என்பது இத்தனை வருடங்களாகப் பெண்களின் கடிதங்களைப் படித்ததில் எனக்குப் பட்டது.

## எது இயல்பு?

லேபியாபிளாஸ்டி என்பது பிறப்புறுப்பின் உள்ளிதழ்களை வெட்டிச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை. வெளியே சதைப்பற்றோடு, முடி வளரும் இரு மடிப்புகள் வெளியிதழ்கள். அவற்றுக்கு உள்ளே முடியில்லாமல் மெல்லியதாக இருப்பவை உள்ளிதழ்கள். "உள்" என்ற பெயரே பலரைக் குழப்புகிறது. பெயருக்குத்தான் உள். ஏராளமான பெண்களுக்கு அவை வெளியிதழ்களைத் தாண்டி வெளியே தெரியும்.

எவ்வளவு தெரிந்தால் இயல்பு? 2005இல் லண்டனில் 50 பெண்களை அளந்தார்கள். உள்ளிதழின் அகலம், அதாவது அடியிலிருந்து விளிம்பு வரை, 7 மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டர் வரை இருந்தது. 2018இல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகர மருத்துவமனை 657 பேரை அளந்து வெளியிட்ட ஆய்வில் சராசரி 14 மில்லிமீட்டரை ஒட்டி வந்தது. ஆனால் ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே உள்ளவரும், 6 சென்டிமீட்டரைத் தொட்டவரும் அதே கணக்கில் இருந்தார்கள். இடமும் வலமும் ஒரே அளவில் இல்லாததும் சாதாரணம். இதற்கு மேல் போனால் நோய் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு எதுவும் மருத்துவத்தில் இல்லை. "4 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது, எடுத்துவிடலாம்" என்று ஒரு கிளினிக்கில் சொன்னால், அது அந்த மருத்துவரின் அளவுகோல்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விளிம்பு கருத்திருப்பது அழுக்கோ நோயோ அல்ல. பருவ வயதில் ஹார்மோன் சுரக்கும்போதே அந்த இடம் கருக்கத் தொடங்கும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வடிவமும் நிறமும் மறுபடி மாறும். மாதவிலக்கு நின்றபின் சற்றுச் சுருங்கும். உடலுறவாலோ சுயஇன்பத்தாலோ இதழ் நீளும் என்பது வெறும் வதந்தி. கல்யாணத்துக்கு முன் பலரை வாட்டுவது இந்த வதந்திதான். அந்தப் பெண்ணின் கடிதத்திலும் நேரடியாகச் சொல்லாமல் அது ஒளிந்திருந்தது. உள்ளிதழைப் பார்த்து ஒரு பெண்ணின் கடந்த காலத்தை யாராலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் முடியாது.

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குந்தியபடி, கைக்கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்க்கும்போது தெரிவது வேறு எந்த மனிதரும் பார்க்காத ஒரு கோணம். பக்கவாட்டு வெளிச்சம், விரிந்த தொடைகள், கண்ணாடிக்கு மிக நெருக்கத்தில் உடல். எந்த உறுப்பையும் இப்படிப் பார்த்தால் விகாரமாகத்தான் தெரியும். உங்கள் காதையே இப்படி ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

கீழே வரும் நான்கு வழிகளில் எதை எடுத்தாலும் இந்த ஐந்து கேள்விகளையும் அதனிடம் கேளுங்கள்.

1. என் உண்மையான தொந்தரவை இது தொடுமா? உரசலா, வலியா, கூச்சமா, பயமா?
2. வேண்டாம் என்று தோன்றினால் திரும்ப முடியுமா?
3. உணர்ச்சிக்கு ஆபத்து உண்டா? உள்ளிதழ் வெறும் தோல் அல்ல. நரம்பு நிறைந்தது, கிளர்ச்சியின்போது ரத்தம் பாய்ந்து தடிப்பது.
4. பணம், விடுப்பு, மறைப்பதற்கான பொய்கள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகும்?
5. இது யாருடைய விருப்பம்?

ஐந்தாவதுக்கு "கணவர் சொன்னார்" என்பது விடையானால் மற்ற நான்கையும் படிக்கவே வேண்டாம் என்பேன். அந்தப் பேச்சுக்கு மருந்து அறுவை அரங்கில் இல்லை.

## வழி ஒன்று: அப்படியே விட்டுவிடுவது

செலவில்லாதது, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடியது. இன்று விட்டுவிட்டால் அடுத்த வருடம் அறுவை செய்துகொள்ளலாம். இன்று வெட்டிவிட்டால் அடுத்த வருடம் விட்டுவிட முடியாது.

இதிலும் மறைவான விலை உண்டு. கூச்சத்தோடு விட்டுவிடுவது வேறு, தெரிந்துகொண்டு விட்டுவிடுவது வேறு. நீச்சல் குளத்தைத் தவிர்ப்பது, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கே போகாமல் தள்ளிப்போடுவது, விளக்கை அணைத்தால்தான் என்று ஒவ்வொரு இரவும் பேரம் பேசுவது எல்லாம் "விட்டுவிட்டேன்" என்பதன் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். அப்படியானால் விட்டது உறுப்பை மட்டும்தான், கவலையை அல்ல. மூன்றாம் வழிக்குப் போங்கள்.

இது யாருக்குச் சரி? உடல் தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு. சந்தேகம் மட்டும் உள்ளவர்களுக்கு. 18 வயது நிறையாதவர்களுக்கு, உறுப்பு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், கேள்விக்கே இடமில்லாமல் இதுதான்.

ஒரு மகளிர் மருத்துவரிடம் ஒரே ஒரு முறை காட்டி, "இது இயல்பா?" என்று கேட்டுவிட்டு வருவது இந்த வழியின் பாதி வேலையை முடித்துவிடும். பிரசவ அறையில் பல்லாயிரம் பேரைப் பார்த்தவரின் "இதெல்லாம் சாதாரணம்மா" என்ற வார்த்தைக்கு, நான் எழுதும் பத்துப் பத்திகளைவிட எடை அதிகம்.

## வழி இரண்டு: உரசலைக் குறைப்பது, தோலைக் கவனிப்பது

கிளினிக் விளம்பரங்கள் சொல்லாமல் தாண்டிப் போகும் வழி இது. இதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை.

உள்ளாடையில் தொடங்குங்கள். அடிப்பகுதியின் நடுவில் தையல் ஓடும் உள்ளாடையைக் கையில் எடுத்து அந்தத் தையலை விரலால் தடவிப் பாருங்கள். 28 கிலோமீட்டர் அதன் மேல் உட்கார்ந்து போகிறீர்கள். ஓரத்தில் மட்டும் தையல் உள்ள, ஓர் அளவு பெரிய பருத்தி உள்ளாடைக்கு மாறுவதே பாதிப் பேருக்குப் போதுமானதாக இருக்கலாம். ஸ்கூட்டர் ஓட்டும் நாட்களில் ஜீன்ஸுக்குப் பதில் தளர்ந்த கால்சட்டை அல்லது சல்வார். புறப்படும் முன் வாஸ்லின் களிம்பு ஒரு மெல்லிய பூச்சு. சைக்கிள் ஓட்டுபவர் என்றால் சீட்டின் மூக்கைச் சற்றுக் கீழே சாய்த்துப் பாருங்கள். நாப்கினின் மேற்பரப்பு வலை போன்ற பிளாஸ்டிக் என்றால் பஞ்சுப் பரப்பு உள்ளதற்கு மாறுங்கள், அல்லது மாதவிலக்குக் கோப்பையை முயன்று பாருங்கள்.

அடுத்தது சோப்பு. நம் வீடுகளில் சுத்தம் என்றால் டெட்டால், இல்லாவிட்டால் மஞ்சள், இப்போது "அந்தரங்கச் சுத்தம்" என்று பாட்டிலில் விற்கும் வாசனைத் திரவம். உள்ளிதழில் இவை எதுவும் படத் தேவையில்லை. வெறும் தண்ணீர் போதும். முடியை முழுக்கச் சிரைப்பதும் உரசலைக் கூட்டும். துணிக்கும் இதழுக்கும் நடுவே இருந்த மெத்தையை எடுத்துவிட்டு, உரசுகிறது என்று புலம்புவதுபோல அது.

நிறம் மாற வேண்டும் என்று மருந்துக்கடையில் கிடைக்கும் வெளுக்கும் களிம்பைத் தடவுபவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் பலவற்றில் வீரியமுள்ள ஸ்டீராய்டு இருக்கிறது. தோல் மெலிந்து, பட்டாலே எரியும் நிலைக்கு வந்த பிறகு மருத்துவரிடம் ஓடுகிறார்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் எதையும் அங்கே பூசாதீர்கள்.

மிக முக்கியமானது, அரிப்புக்கும் எரிச்சலுக்கும் இதழின் நீளம்தான் காரணமா என்பதை உறுதிசெய்வது. பூஞ்சைத் தொற்று இருக்கலாம், ஒவ்வாமைத் தோலழற்சி இருக்கலாம். வெள்ளைத் திட்டுகளும் கடும் அரிப்புமாக வரும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாகவும் இருக்கலாம். அதற்கு மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்புதான் சிகிச்சை, கத்தி அல்ல. தொட்டாலே சுரீரென்று வலிக்கும் வல்வோடினியா என்ற நரம்பு வலி உள்ளவருக்கு அதே இடத்தில் ஒரு தழும்பையும் சேர்ப்பது நிலைமையை மோசமாக்கலாம்.

விலை? சில நூறு ரூபாய், ஒரு மருத்துவர் சந்திப்பு, இரண்டு மாதப் பொறுமை. இந்த இரண்டு மாதமும் எந்த நாள் எரிந்தது, அன்று என்ன உடுத்தினீர்கள் என்று குறித்து வையுங்கள். அறுவைக்கே போவதானாலும் சர்ஜனிடம் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

கையாலாகாத இடமும் இந்த வழிக்கு உண்டு. இதழ் நிஜமாகவே நீளமாக இருந்து, உடலுறவின்போது உள்ளே இழுபட்டு வலித்தால், வாஸ்லினும் பருத்தியும் ஓரளவுக்குத்தான் உதவும்.

## வழி மூன்று: மனநல ஆலோசனை

"எனக்கென்ன பைத்தியமா?" என்ற கேள்வி வரும் என்று தெரியும். லண்டனில் லேபியாபிளாஸ்டி கேட்டு வந்த 55 பெண்களைச் சோதித்த 2014ஆம் வருட ஆய்வு ஒன்றில், 10 பேருக்கு உடல் தோற்றக் கோளாறு இருப்பது தெரிந்தது. உடலில் இல்லாத குறையையோ மிகச் சிறிய குறையையோ பற்றியே நாள் முழுக்க மனம் சுற்றிச்சுற்றி வரும் நோய் அது. ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. மீதிப் பேருக்கு அது இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அடையாளங்கள் சில: தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதே நினைப்பு, திரும்பத்திரும்பக் கண்ணாடி, யார் "இயல்புதான்" என்று சொன்னாலும் ஒரு நாளுக்கு மேல் நிலைக்காத நிம்மதி. இப்படிப்பட்டவருக்கு அறுவை செய்தால், கவலை அதே உறுப்பின் தழும்புக்கோ, மூக்குக்கோ, மார்பகத்துக்கோ இடம் மாறிவிடக்கூடும். நினைப்பையும் பழக்கத்தையும் பேசிப்பேசி மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இதற்கு நன்றாகப் பயன் தருகிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் உதவி மையத்தை அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இதன் மறைவான விலை நேரமும் அலைச்சலும். நல்ல ஆலோசகர் சிறிய ஊர்களில் சுலபமாகக் கிடைப்பதில்லை. பாலுறவு விஷயம் என்றதும் முகம் மாறும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் அடுத்தவரைப் பாருங்கள், உங்களிடம் தவறில்லை.

## வழி நான்கு: அறுவை சிகிச்சை

இதற்கு நியாயமான இடம் இருக்கிறது. என் நெருங்கிய தோழி 41 வயதில் செய்துகொண்டாள். நெடுந்தூர சைக்கிள் பயணம் அவளுக்கு உயிர். இரண்டு பிரசவங்களுக்குப் பிறகு ஓர் இதழ் மட்டும் நீண்டு, 40 கிலோமீட்டர் தாண்டினால் ரத்தம் கசியும். சீட்டை மாற்றினாள், மெத்தை வைத்த கால்சட்டை வாங்கினாள், எல்லாம் முயன்றாள். கடைசியில் அறுவை. இன்று அதைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில் கூட இருந்தவள் என்பதால் சொல்கிறேன். அரங்கில் அவள் இருந்தது ஒன்றரை மணி நேரம். விளம்பரத்தில் வருவது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டுமே. மூன்றாம் நாள் இரண்டு இதழ்களும் அறுவைக்கு முன் இருந்ததைவிடப் பெரிதாக வீங்கியிருந்தன. "ஏமாந்துவிட்டேன்" என்று அழுதாள். துணியில் சுற்றிய ஐஸ் பொட்டலம், இடுப்புக்கடியில் தலையணை, உள்ளாடையே இல்லாமல் நைட்டி. சிறுநீர் கழிக்கும்போது எரியாமலிருக்க, அழுத்தினால் பீய்ச்சும் பாட்டிலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே கழிக்க வேண்டும். வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டும்தான், குந்தி எழுவதே அந்த வாரத்தின் மலையேற்றம். ஒன்பதாம் நாள் ஒரு தையல் பிரிந்தது. மறுபடி தைக்கவில்லை, தானாக ஆறியது. விளிம்பில் சிறிய பள்ளம் ஒன்று இன்றும் இருக்கிறதாம். மேசை வேலைக்கு 10 நாளில் போனாள். சைக்கிளில் ஏற இரண்டு மாதமாயிற்று.

பொதுவாகவும் கணக்கு இதுதான்: முதல் வாரம் ஓய்வு, உடலுறவுக்கும் சைக்கிள் போன்றவற்றுக்கும் 4 முதல் 6 வாரம் தடை, இறுதி வடிவம் தெரிய 3 முதல் 6 மாதம். சரிவரவில்லை என்று மறு அறுவை கேட்டாலும் அதுவரை காத்திருக்கச் சொல்வார்கள்.

### வெட்டும் முறைகள்

விளிம்பை ஒட்டி வெட்டித் தைப்பது பழைய முறை, எளிமையானது. கருத்த விளிம்பு போய்விடும், சிலர் அதற்காகவே கேட்கிறார்கள். ஆனால் தழும்பு விளிம்பு நெடுக ஓடும், சில சமயம் அலையலையாக ஆறும். கை சற்று மிஞ்சினால் இதழே இல்லாமல் போய்விடுவதும் இதில்தான் அதிகம்.

நடுவில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்து இரு முனைகளையும் சேர்ப்பது இரண்டாவது முறை. இயற்கையான விளிம்பும் நிறமும் தங்கும். தையல் பிரிவதும், பள்ளமோ துளையோ விழுவதும் இதன் தலைவலி. என் தோழிக்குச் செய்தது இதுவே. மேல்தோலை மட்டும் சீவி எடுக்கும் முறையும் உண்டு. உள்ளே இருக்கும் நரம்புக்குப் பாதுகாப்பு, ஆனால் பெரிய அளவு குறைக்க உதவாது.

எந்த முறையானாலும் ரத்தக்கட்டு, தொற்று, இடவல வித்தியாசம், வலிக்கும் தழும்பு, உணர்ச்சிக் குறைவு ஆகியவை வரலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் புண் ஆறுவது தாமதமாகும். இதழைக் குறைத்தபின் மேலே கிளிட்டோரிஸ் என்ற உணர்ச்சி மிகுந்த சிறு உறுப்பை மூடியிருக்கும் மடிப்பு துருத்தித் தெரிகிறது என்று அதையும் வெட்ட யோசனை சொல்வார்கள். அந்த இடத்தில் நரம்பு இன்னும் நெருக்கம். நானாக இருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பலன் உண்டா? வெளியான ஆய்வுகளில் பெரும்பாலானவை 10இல் 9 பேருக்கு மேல் திருப்தி என்கின்றன. உண்மையாகவே பலர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால் அவற்றில் பலவற்றை எழுதியவர்கள் வெட்டிய சர்ஜன்களே, பின்தொடர்ந்த காலமும் குறுகியது. அதிருப்தி அடைந்தவர் வழக்கமாகத் திரும்பி வருவது வேறொரு மருத்துவரிடம். அமெரிக்க மகளிர் மருத்துவர்களின் அமைப்பு 2020இல் வெளியிட்ட கருத்தில், தோற்றத்துக்காகச் செய்யும் இந்த அறுவைகளின் பாதுகாப்பும் பலனும் நிறுவப்படவில்லை என்பதைப் பெண்களிடம் சொல்ல வேண்டும் என்றது. பிரிட்டனில் இருக்கும் வாசகர்களுக்கு: தேசிய சுகாதார சேவையில் தோற்றத்துக்காக இதை வழக்கமாகச் செய்வதில்லை, தனியாரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

### பில்லில் வராத செலவு

இந்தியாவில் தோற்றத்துக்கான அறுவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மற்ற மருத்துவச் சேவைக்கு உள்ள விலக்கு, பிறவிக் குறை, விபத்துக் காயம் போன்ற காரணங்கள் இல்லாத பிளாஸ்டிக் சர்ஜரிக்குக் கிடையாது. தொலைபேசியில் சொல்லும் தொகையில் வரி, மயக்க மருந்து நிபுணர் கட்டணம், அரங்க வாடகை, மறு சந்திப்பு, தையல் பிரிந்தால் திருத்தம் எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் காப்பீடும் தோற்ற அறுவையை விலக்கிவைக்கிறது. மருத்துவத் தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்று தந்தால் கேட்டுப் பார்க்கலாம், நிறுவனம் ஏற்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

இன்னொரு செலவு படம். அறுவைக்கு முன்னும் பின்னும் புகைப்படம் எடுப்பது வழக்கம். ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், அந்தப் படங்களைக் கல்விக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி இருக்கக்கூடும். அறுவை உடையை மாற்றிக்கொண்டு, கையில் ஊசி குத்திய நிலையில், பேனாவை நீட்டும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. முந்தைய நாளே படிவத்தைக் கேட்டு வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பொய்களின் செலவும் சேரும். அலுவலகத்துக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. கூட்டுக் குடும்பத்தில் ஒரே குளியலறை என்றால், அந்தப் பாட்டிலையும் ஐஸையும் எங்கே ஒளிப்பது?

யாருக்குச் சரி? இரண்டாம் வழியை நேர்மையாக முயன்றும் உரசலோ வலியோ தீராதவருக்கு. தோல் நோய் இல்லை என்று உறுதியானவருக்கு. தோற்றத்துக்காக மட்டும் கேட்பவரை நான் தடுக்க முடியாது, 18 வயது கடந்தவரின் உடல் அவருடையது. ஆனால் தழும்பும் உணர்ச்சிக் குறைவும் வந்தாலும் இந்த முடிவு எனக்குச் சம்மதமா என்று கேட்டு, ஆம் என்று வந்தால் மட்டும். குழந்தை பெறும் எண்ணம் அருகில் இருந்தால் அதற்குப் பிறகு பார்க்கலாம், பிரசவம் வடிவத்தை மாற்றிவிடக்கூடும்.

## லேசர், ரேடியோ அலை

கத்தி இல்லாமல், மதிய உணவு இடைவேளையில் முடிந்துவிடும் என்று விற்கப்படும் கருவிகள் இவை. பெண்ணுறுப்பைப் "புத்துயிராக்கும்" லேசர், ரேடியோ அலைக் கருவிகள் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரிக்கை வெளியிட்டது: தீப்புண், தழும்பு, நீடித்த வலி. இதழ் நீளத்துக்கு இவை விடையே இல்லை. கடந்து போவோம்.

## ஒரே பார்வையில்

| | விட்டுவிடுவது | உரசல் குறைப்பு, தோல் சிகிச்சை | ஆலோசனை | அறுவை |
|---|---|---|---|---|
| எதைத் தீர்க்கும் | சந்தேகத்தை | எரிச்சல், அரிப்பின் பெரும்பகுதியை | பயம், வெட்கம், ஓயாத நினைப்பை | நீளத்தால் வரும் உரசல், வலியை |
| திரும்ப முடியுமா | முடியும் | முடியும் | முடியும் | முடியாது |
| உணர்ச்சிக்கு ஆபத்து | இல்லை | இல்லை | இல்லை | உண்டு |
| பலன் தெரிய | அன்றே | 2 மாதம் வரை | சில மாதம் | 3 முதல் 6 மாதம் |
| மறைவான விலை | கவலை தொடரலாம் | பொறுமை | நல்ல ஆலோசகரைத் தேடும் அலைச்சல் | வரி, விடுப்பு, படம், மறு அறுவை |

## சர்ஜனைப் பார்க்கப் போகும்போது

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் அல்லது டிஎன்பி என்ற மேற்படிப்பு முடித்தவரா, அல்லது இந்த அறுவையில் பயிற்சி பெற்ற மகளிர் மருத்துவரா என்று கேளுங்கள். "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்ற பலகை ஒன்றுக்கும் உத்தரவாதமில்லை. மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். வருடத்தில் எத்தனை செய்கிறீர்கள், எந்த முறை, ஏன் எனக்கு அது, எவ்வளவு மீதி வைப்பீர்கள், உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தையல் பிரிந்தது? கடைசிக் கேள்விக்கு "யாருக்குமே இல்லை" என்று பதில் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். முதல் சந்திப்பிலேயே முன்பணம் கேட்டால், இன்றைக்கே பதிவு செய்தால் தள்ளுபடி என்றால், அப்போதும்.

## அந்த இரண்டு கடிதங்கள்

ஸ்கூட்டர் ஓட்டும் வாசகிக்கு, இரண்டு மாதம் இரண்டாம் வழி, பிறகு சர்ஜன் என்று எழுதினேன். பரிசோதனையில் பூஞ்சைத் தொற்று இருந்ததாம். மருந்தில் அரிப்பு போய்விட்டது, எரியும் நாட்கள் வாரத்துக்கு ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைந்தன. ஆனாலும், முதல் கடிதத்தில் சொல்லாமல் விட்ட, உடலுறவின்போது இழுபடும் வலி அப்படியே இருப்பதால், அறுவைக்கு நாள் குறித்துவிட்டார். மாதவிலக்கு முடிந்த மறுவாரம். இப்போது அவருடைய கேள்வி வேறு: அந்தப் பத்து நாட்கள் குழந்தையைப் பள்ளிக்கு யார் கொண்டுவிடுவது?

கல்யாணப் பெண்ணுக்கு, தைக்கு முன் எதையும் வெட்ட வேண்டாம் என்றும், ஒரு மகளிர் மருத்துவரைப் பார்த்து "இது இயல்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வரும்படியும் எழுதினேன். போய் வந்தாராம். மருத்துவர் பார்க்க எடுத்துக்கொண்டது அரை நிமிடம்கூட இல்லை என்று எழுதியிருக்கிறார். அதில் கொஞ்சம் ஏமாற்றமும் தெரிந்தது. இவ்வளவு நாள் தூக்கத்தைக் கெடுத்தது அரை நிமிட விஷயமா என்று.